பதினைந்து மீட்டர் பச்சைக் குழாய்

மார்ச் 3, திங்கள்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். மகன். மருமகள். நர்ஸம்மா. கூப்பிடாமலே வந்த கீழ்வீட்டு டீச்சரம்மா. மெஷின் கொண்டுவந்த கடைக்காரர், கழுத்தில் டை கட்டியவர். யார் யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பின்னால் ஒருத்தரும் மாற்றிச் சொல்லக் கூடாது, அதற்காக எழுதி வைக்கிறேன். எனக்கு எழுதித்தான் ஞாபகம் வைக்க வேண்டும் என்று இல்லை. நான் படித்தது நாலாவது வரை. ஞாபகத்துக்கு எதற்குப் பள்ளிக்கூடம்?

மெஷின் முழங்காலுக்கு மேல் உயரம், அடியில் நாலு சக்கரம். அறைக் காற்றையே இழுத்து, அதில் இருக்கிற ஆக்சிஜனை மட்டும் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புமாம். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது. இருபத்தாறு வருஷம் தானியக் குடோனில் மூட்டை வாய் தைத்தேன். தைத்த மூட்டை எல்லாம் போய்விட்டது, தூசி மட்டும் என் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

டைக்காரர் என் மகனிடம் கேட்டார்: "பாட்டி கட்டில்லதானே இருப்பாங்க சார்? ரெண்டு மீட்டர் குழாய் போதும்."

மூக்கு என்னுடையது, மூச்சு என்னுடையது, கட்டிலும் என் அம்மா வீட்டிலிருந்து வந்தது. கேள்வி மட்டும் என் மகனுக்கு. அவனும் "போதும், போதும்" என்று தலையை ஆட்டினான். குறித்துக்கொண்டேன்.

என் மகள், சின்னவளுக்கு மே கடைசியில் பிரசவம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, முப்பத்தெட்டு வயதில், முதல் குழந்தை. ரயிலில் எட்டு மணி நேரம் போக வேண்டும் அவள் ஊருக்கு. "நான் வந்து உன் பக்கத்தில் இருப்பேன்" என்று ஜனவரி மாதமே வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மகன்தான் வாயைத் திறந்தான்: "இந்த நிலைமைல எங்கம்மா போறது? வீடியோல பாத்துக்கலாம்."

வீடியோவில் பார்க்கலாமாம்! இவன் பிறந்தபோது என் அம்மா என்ன வீடியோவிலா பார்த்தாள்?

ரெண்டு மீட்டர் குழாயோடு எழுந்து நடந்து பார்த்தேன். ஐந்தாவது அடியில் மூக்கை இழுத்துப் பிடித்துவிட்டது.


மார்ச் 4, செவ்வாய்

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் கவ்வி மாட்டிப் பார்த்தால் 93. தினமும் இந்த எண்ணை எழுதச் சொல்லித்தான் நர்ஸம்மா இந்த நோட்டைக் கொடுத்தார். மற்றதெல்லாம் நானாக எழுதுவது. கேட்டால் காட்ட மாட்டேன்.


மார்ச் 9, ஞாயிறு

மூக்கு உள்ளே வறண்டு எரிகிறது. விரலில் எண்ணெய் தொட்டுத் தடவினேன். அந்த நேரம் பார்த்தா நர்ஸம்மா உள்ளே வர வேண்டும்?

"என்னம்மா பண்றீங்க? ஆக்சிஜன் போற இடத்துல எண்ணெயா? சின்னப் பொறி பட்டா மூஞ்சியே பத்திக்கும்!"

"எழுபது வருஷமா தடவறேன், ஒண்ணும் பத்திக்கல."

"எழுபது வருஷமா மூக்குல ஆக்சிஜன் ஓடிச்சா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு யாரிடமாவது பதில் இல்லாமல் போவது வருஷத்துக்கு ஒருமுறைதான். இந்த வருஷத்துக்கானது மார்ச்சிலேயே முடிந்தது.

ஆனால் நல்ல மனுஷி. எண்ணெய் சேராமல் தண்ணீரில் செய்த களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். காதுக்குப் பின்னால் குழாய் அறுத்துச் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, இந்தக் குழாய் விறைப்பு, மெத்தென்று வளைகிற வகை இருக்கிறது, காதில் மாட்டும் பஞ்சு உறையும் இருக்கிறது, அதை வாங்குங்கள் என்றார். பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ச்சி வடித்த தண்ணீர்தான்.

நான் கேட்டேன்: "குழாய் நீளமா கிடைக்குமா?"

"பதினஞ்சு மீட்டர் வரைக்கும் போடலாம்மா. அதுக்கு மேல போட்டா காத்து பலம் குறையும். பச்சைக் கலர் வாங்குங்க. தரைல கெடந்தா கண்ணுக்குத் தெரியும், யாரும் தடுக்கி விழ மாட்டாங்க."

பதினைந்து மீட்டர்! டைக்காரருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். கிழவி எங்கே போகப் போகிறாள் என்ற நினைப்பு.


மார்ச் 11, செவ்வாய்

பச்சைக் குழாய் வந்தது. கட்டிலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து வாசல், வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது. மூன்று. ஒன்று கறுப்பு.


மார்ச் 17, திங்கள்

சின்னவள் பேசினாள். "அம்மா, நீ வறுத்து அரைக்கிற கஞ்சி மாவு மட்டும்தான் வயித்துல நிக்குது. இங்க கடைல விக்கறது பூரா சக்கரையும் வாசனையும்தான். குழந்தை பொறந்தப்புறமும் வேணும்மா." ஆறு மாசத்துக்கு வேண்டும். அவள் வீடு கடலோரம். எதை வைத்தாலும் நமுத்துப்போகும். போன வருஷம் அனுப்பிய மாவில் மூன்றாம் வாரமே வண்டு.

இரண்டாவது தொல்லை, நான் சமையலறைக்குள் போகக் கூடாது. அடுப்பில் நெருப்பு எரிந்தால் இந்தக் குழாயோடு பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னதை மருமகள் ஆணியடித்த மாதிரி பிடித்துக்கொண்டாள். "அத்தை, தாண்டி வராதீங்க" என்று கூடத்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டாள். இவள் கல்யாணமான மூன்றாம் நாள் "உங்க உப்பு கொஞ்சம் தூக்கல் அத்தை" என்றவள். அது ஒரு வியாழக்கிழமை.

சாயங்காலம் டீச்சரம்மா வந்தார். ஒரு காலத்தில் கெமிஸ்ட்ரி நடத்தியவர், இன்னும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார். வண்டு விஷயம் சொன்னேன். உடனே கையை ஆட்டி ஆட்டிப் பாடம் ஆரம்பம்.

"ஆக்சிஜன் உறிஞ்சற பொட்டலம்னு ஒண்ணு இருக்குங்க. உள்ள இரும்புத் தூள். இரும்பு துருப்பிடிக்கறப்ப காத்துல இருக்கற ஆக்சிஜன எடுத்துக்கும். பைக்குள்ள மாவப் போட்டு, இந்தப் பொட்டலத்தையும் போட்டு, வாய ஒட்டிட்டா, உள்ள ஆக்சிஜனே இருக்காது. வண்டு மூச்சு விட முடியாது, மாவும் காறாது. ஆனா ஒண்ணு, பொருள் நல்லா காஞ்சிருக்கணும். ஈரம் இருந்தா அதுலயே வேற விஷம் உண்டாகும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அது இல்லாமல் ஆகாது. மாவுக்கு அது இருந்தால் ஆகாது. ஒரே வீட்டில் ஒரு பக்கம் ஏற்றுகிறோம், ஒரு பக்கம் இறக்குகிறோம்.

சாதா பிளாஸ்டிக் பை உதவாதாம், மெல்ல மெல்லக் காற்றை உள்ளே விட்டுவிடுமாம். உள்பக்கம் வெள்ளித்தாள் மாதிரி பளபளக்கும் கெட்டிப் பைதான் வேண்டும். பைக்கும் பொட்டலத்துக்கும் டீச்சரம்மாவே ஃபோனில் ஆர்டர் போட்டுவிட்டார். 2009-ல் என் குக்கர் ரப்பரை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர். இன்றைக்கு அந்தக் கணக்கில் பாதி கழித்துவிட்டேன்.


மார்ச் 22, சனி

இன்று வறுத்தோம். வறுத்தது மருமகள், வறுக்க வைத்தது நான். சாக்பீஸ் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மூக்கில் குழாய் இருப்பதால் வாசனை சரியாகப் பிடிபடவில்லை. வறுபடும் வாசனை தெரியாமல் பதம் எப்படிச் சொல்வது? முதலில் கைகால் ஓடவில்லை. பிறகு காதைத் தீட்டினேன். ஈரமுள்ள தானியம் வாணலியில் கரகரவென்று மந்தமாகப் புரளும். காய்ந்தபின் கலகலவென்று மணி மாதிரி உருளும். பொரிய ஆரம்பித்தால் படபடக்கும். அந்தப் படபடப்புக்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்த வேண்டும்.

"இப்ப இறக்கு!"

"இன்னும் நிறமே மாறல அத்தை."

"நான் நிறத்தையா கேட்டேன்? இறக்குன்னா இறக்கு!"

இறக்கினாள். வாயில் போட்டுப் பார்த்தாள். அங்கேயே நின்று என்னைப் பார்த்தாள். "இங்கிருந்தே எப்பிடி அத்தை தெரிஞ்சுது?" என்றாள். காதைத் தொட்டுக் காட்டினேன். கொஞ்சம் யோசிக்கட்டும்.

அடுத்த மூன்று ஈடும் அவளே காதைச் சாய்த்துக் கேட்டு இறக்கினாள். ஒன்று கூடத் தப்பவில்லை. உப்பு விஷயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நல்ல காது.


மார்ச் 24, திங்கள்

பைகளும் பொட்டலங்களும் வந்துவிட்டன என்று காலையில் என் வீட்டுக்காரர் சொன்னார். மத்தியானம் கேட்டேன், "எங்க வெச்சீங்க?" என்று. "இருக்கு, இருக்கு" என்றார். சாயங்காலம் மறுபடி கேட்டேன். "பத்திரமா இருக்கு" என்றார். ஐம்பத்தொரு வருஷமாகப் பார்க்கிறேன், இந்த மனுஷன் பத்திரமாக வைத்தது எதுவும் திரும்பக் கிடைத்ததில்லை.


மார்ச் 26, புதன்

பொட்டலங்களைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்தார். அதனால் அரைத்து ஆறவைத்த மாவை இன்று பையில் போட்டோம். அவர் தையல்காரர், நாற்பது வருஷம் துணி வெட்டியவர். பை வாய் ஒட்ட இஸ்திரிப் பெட்டிதான் வேண்டும் என்று டீச்சரம்மா சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வேலைக்குக் கூப்பிட்ட மாதிரி சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். சூடு என் பக்கம் வராமல் வராந்தாவில் மேஜை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பை வாயிலும் ஒரே நேர்கோடு. இருபத்து நாலு பை. எனக்கே பெருமையாக இருந்தது, சொல்லவில்லை.


மார்ச் 27, வியாழன்

ஒரு பை கூட இறுகவில்லை. ஒட்டிய மறுநாள் பை உள்ளே வாங்கி, கன்னம் ஒட்டிய முகம் மாதிரி ஆக வேண்டுமாம். எங்கள் பை இருபத்து நாலும் தின்றுவிட்டு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி உப்பியே இருந்தன.

டீச்சரம்மா மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார். செங்கல் மாதிரி கெட்டி. அதோடு வந்த அடையாளப் பொட்டு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது, நீலமாகிவிட்டிருந்தது. "இது எல்லாம் ஏற்கனவே காத்து குடிச்சு முடிச்சாச்சு. பிரிச்சு வெச்சா சில மணி நேரத்துல செத்துடும். யாரு பிரிச்சா?"

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார்.

"அதுல 'ஆக்சிஜனை உறிஞ்சும்'னு போட்டிருந்துச்சு," என்றார். "அம்பது பொட்டலம். இவ மெஷினுக்குப் பக்கத்துல மேஜைல வெச்சுட்டுப் போயிட்டான் டெலிவரி பையன். வீட்டுல இருக்கற ஆக்சிஜன எல்லாம் அது குடிச்சுட்டா இவளுக்கு?"

"அதுக்கு?"

"மாடிக்கு எடுத்துட்டுப் போயி, பிரிச்சு, பாய்ல பரப்பி, ரெண்டு நாள் வெயில்ல காய வெச்சேன். வீரியமெல்லாம் போயிடும்ல. பல்லப் புடுங்கிட்டுக் குடுப்போம்னுதான்…"

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல், இருமினால் கவ்வியில் எண் 90, அதைப் பார்த்து அவர் "பாத்தியா, பாத்தியா, இன்னும் கொஞ்சம் வீரியம் இருக்கு அதுல!" என்று பதற, டீச்சரம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கெமிஸ்ட்ரி நடத்தியவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு அறையில் இருக்கிற காற்றுக்கு அந்த ஐம்பது பொட்டலமும் சேர்ந்தால்கூட ஒரு பொருட்டே இல்லையாம். டீச்சரம்மா கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

மறுபடி ஆர்டர். பைகளைப் பிரித்து மாவைப் பாத்திரத்துக்கு மாற்றினோம். கோபம்தான். ஆனால் எனக்காக ஐம்பது பொட்டலத்தோடு மாடிப்படி ஏறிச் சண்டைக்குப் போனவரை எவ்வளவு நேரம் கோபிக்க முடியும்? ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இழுத்துப் பிடித்தேன்.


ஏப்ரல் 3, வியாழன்

இந்த முறை பொட்டல உறையைப் பிரித்ததிலிருந்து கடைசிப் பை ஒட்டும் வரை பதினெட்டு நிமிஷம். நான் கடிகாரம் பார்த்தேன், மருமகள் பொட்டலம் போட்டாள், அவர் ஒட்டினார். மிஞ்சியதை உடனே கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடினோம். கஞ்சிக்கென்று தனியாகக் கட்டிய சர்க்கரைப் பையில் மட்டும் பொட்டலம் போடாதீர்கள், பாறையாகிவிடும் என்றார் டீச்சரம்மா. போடவில்லை.


ஏப்ரல் 4, வெள்ளி

இருபத்து நாலும் கன்னம் ஒட்டிவிட்டது! ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி. மாவு போகத் தயார். இனி நான்.


ஏப்ரல் 12, சனி

மாவு ரெடியானதும் மகனுக்கு ஒரு யோசனை: "பார்சல்ல போட்டுடலாம்மா. அதான் மாவு போயிடுதே."

மாவா பெற்றேன் நான்? அவன் அந்தப் பக்கம் வேலைக்குப் போனதும் மருமகளிடம் சொன்னேன், கையில் தூக்கிப் போகிற மெஷின் பார்க்க வேண்டும் என்று. அவள் லீவு போட்டுவிட்டாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நர்ஸம்மா ஒரு குட்டி சிலிண்டரைப் போகவர மட்டும் தந்தார். நான், என் வீட்டுக்காரர், மருமகள், மூன்று பேரும் டைக்காரர் கடைக்குப் போனோம்.

டைக்காரர் மறுபடி மருமகளைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். "பாட்டிக்கு ரயிலுக்குத்தானே மேடம்? இது இருக்கே, ஸ்ப்ரே டப்பா, கைக்குள்ள அடங்கும்."

நான் வாங்கிப் பார்த்தேன். கொசு மருந்து டப்பா அளவு. "எத்தன தடவ இழுக்கலாம்?"

"ஒரு நூறு தடவ வரும்."

"நான் நிமிஷத்துக்கு இருபது தடவ மூச்சு விடறேன். அஞ்சு நிமிஷத்துல தீந்துச்சு. ரயிலு எட்டு மணி நேரம். மிச்சத்துக்கு நீங்க கூட வந்து ஊதுவீங்களா?"

கடையில் இன்னொரு ஆள் சக்கர நாற்காலி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்துவிட்டார். டைக்காரர் அதற்கப்புறம் என்னைப் பார்த்துப் பேசினார்.

அடுத்தது கைப்பை மாதிரி ஒரு குட்டி மெஷின். ரொம்ப அழகு, தோளில் மாட்டினால் கனமே இல்லை. நாம் மூச்சு இழுக்கும்போது மட்டும் 'டப்'பென்று ஒரு கொட்டு ஆக்சிஜன் தரும். மருமகளுக்குப் பிடித்துவிட்டது. நான் வாங்கிவிடவில்லை. "மாட்டிக்கிட்டு நடக்கணும்" என்றேன். கடைக்குள்ளேயே நடந்தேன், கட்டில் வரிசை, ஊன்றுகோல் வரிசை, மறுபடி கட்டில் வரிசை. நாலாவது சுற்றில் கவ்வியில் 85. கண் இருட்டியது. அவர் ஓடிவந்து பிடித்தார்.

"உக்காந்தே இருந்தா இது போதும்மா," என்றார் டைக்காரர்.

"உக்காந்தே இருக்கறதுக்கு நான் ஏன் ரயிலேறணும்?"

மூன்றாவது மெஷின். முன்னதைவிட ஒன்றரைப் பங்கு கனம், பார்க்கவும் சுமார், சத்தமும் ஜாஸ்தி. காற்றின் அளவை மூன்றில் வைத்து நடந்தேன். ஒரு சுற்று. நாலு. ஏழு. 91. அதுதான்.

ஒரு பாட்டரி மூன்று மணி நேரம் வரும். போகிற நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு கையில் இருக்க வேண்டும், ரயில் நின்றுபோனால் என்ன செய்வது என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நாலு பாட்டரி. ரயில் பிளக்கில் சொருகும் ஒயர் ஒன்று. மாற்று மூக்குக் குழாய் மூன்று. மருமகள் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போட்டாள்.

வெளியே வரும்போது டைக்காரர் கதவைத் திறந்துவிட்டு, "போய்ட்டு வாங்கம்மா" என்றார். பாட்டி இல்லை. அம்மா.


ஏப்ரல் 15, செவ்வாய்

மெஷினோடு வந்த பையை அவருக்குப் பிடிக்கவில்லை. "தையலா இது?" என்கிறார். தானே ஒன்று தைக்கிறார். இரண்டு பக்கமும் காற்றுப் போக வலைத் துணி, பாட்டரிக்குத் தனிப் பாக்கெட், கவ்விக்கு ஒரு குட்டி ஜேப்பு. தோளில் மாட்டிக்கொள்ளக் கனமாம், அதனால் முதுகில் மாட்ட அகலப் பட்டை. என் தோளை டேப் வைத்து அளந்தார். கடைசியாக எப்போது அளந்தார்? ஞாபகம் இருக்கிறது. எழுத மாட்டேன்.


ஏப்ரல் 20, ஞாயிறு

மகனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கத்தினான். "டாக்டர் ஒத்துக்கிட்டா போ. இல்லன்னா இந்தப் பேச்ச விடு." சரி என்றேன். தெருமுனை வரை தினமும் இரண்டு நடை. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எண்ணுகிறாள்.


ஏப்ரல் 29, செவ்வாய்

டாக்டர் நீளமான தாழ்வாரத்தைக் காட்டினார். "ஆறு நிமிஷம் நடங்க. எண்பத்தெட்டுக்குக் கீழ போனா அனுப்ப மாட்டேன்."

ஒரு பக்கம் என் வீட்டுக்காரர். ஒரு பக்கம் மகன், கையைக் கட்டிக்கொண்டு. கவ்வி விரலில். நான் நடந்தேன். எப்படி மூச்சு விட வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான கஞ்சியை ஊதுகிற மாதிரி மெல்ல விட வேண்டும். ஊதினேன். ஊதிக்கொண்டே நடந்தேன். மூன்றாம் நிமிஷம் 90. ஐந்தாம் நிமிஷம் 89. கால் கனத்தது. ஐயோ, இன்னும் ஒரு நிமிஷமா? நின்றால் ஏறும், ஆனால் நின்றால் நின்றதாகிவிடும். நடையைக் குறைத்தேன், நிற்கவில்லை. 89. 89. 89. அந்த எண்ணைக் கண்ணாலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.

"போதும்மா," என்றார் டாக்டர். "போய்ட்டு வாங்க. அங்க ஒரு பெரிய மெஷின் வாடகைக்கு ஏற்பாடு பண்ணிடுங்க, தூங்கறப்ப அது வேணும்."

மகன் திரும்பி நின்று ஜன்னலைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். "தூசி" என்றான். ஆஸ்பத்திரியில் எங்கே தூசி? வீடியோவில் பார்த்துக்கொள் என்று சொன்னவனை அங்கேயே மன்னித்துவிட்டேன்.


மே 5, திங்கள்

92. பை தயார். நான் தயார். ரயில்தான் இன்னும் தயாராகவில்லை.


மே 14, புதன்

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணும். மகன் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டான். மருமகள் ரயில் கிளம்பிய பின்னும் ஜன்னலோரமாகவே நடந்து வந்து, "மூணுல வையுங்க அத்தை, சிவப்பு விளக்கு வந்தா காத்திருக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உப்பு விஷயத்தையும் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. உண்மையில் அன்றைக்கு உப்பு தூக்கல்தான்.

எதிர் சீட்டுக்காரி என் மூக்கையே பார்த்தாள். "இது என்னங்க?" என்றாள். எல்லாம் சொன்னேன். வண்டு, பொட்டலம், வெயில், எல்லாம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி நடித்தார். பெட்டி முழுக்கச் சிரித்தது.

கதவோரம் ஒருத்தன் சிகரெட்டை எடுத்தான். நான் கையை ஆட்டினேன். "சாமி, நீ கொளுத்துனா நீயும் நானும் ஒரே ரயில்ல போயிடுவோம், டிக்கெட் கூட வேணாம்." எதிர் சீட்டுக்காரி எழுந்துபோய் அவன் கையிலிருந்ததைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டாள். இவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது பாட்டரி ஓடுகிறது. வெளியே கடல்.


மே 16, வெள்ளி

சின்னவள் வயிற்றைத் தொட்டேன். உள்ளிருந்து ஒரு உதை. என்னைப் பார்க்காமலே உதைக்கிறது, என் ரத்தம்தான்.

வாடகை மெஷின் வந்தது. பச்சைக் குழாயை நான் கையோடு கொண்டுவந்திருந்தேன். இந்த வீட்டில் கூடம், தாழ்வாரம், அவள் அறை, எல்லாம் எட்டுகிறது.

சம்பந்தியம்மா மாவுப் பை இரண்டை முகர்ந்து பார்க்கவென்று பிரித்துவிட்டார். "எங்க வீட்ல டப்பாலதான் வெப்போம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே இங்கே எழுதுகிறேன்.


மே 27, செவ்வாய்

காலையில் வலி ஆரம்பித்தது. கிளம்பிவிட்டோம். 91.


மே 28, புதன்

பெண் குழந்தை. நேற்றுச் சாயங்காலம் ஐந்து இருபதுக்கு. இருவரும் நலம். நேற்று எழுத முடியவில்லை. சந்தோஷத்தில்தான். எண் 92 இருந்தது, பார்த்தேன்.

தாழ்வாரத்தில் இருந்தோம். நான், அவர், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா. மத்தியானம் முழுக்கச் சம்பந்தியம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை கை நீட்டப் போனார். சம்பந்தியம்மா அவர் கையைத் தட்டிவிட்டு, "இருப்பா. மொதல்ல அவங்க வாங்கட்டும். எட்டு மணி நேரம் மூச்சைத் தூக்கிட்டு வந்திருக்காங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு பை என்ன, இருபத்து நாலு பையையும் அவர் டப்பாவில் கொட்டிக்கொள்ளட்டும்.

நான் கையை நீட்டினேன். முதுகில் மெஷின் பீப் பீப் என்றது. சிவப்பு விளக்கு.

"பாட்டரிய மாத்து மொதல்ல," என்றார் என் வீட்டுக்காரர். "குழந்த எங்க ஓடிடப் போவுது?"

பையைக் கழற்றிக் குனிந்தேன். பழையதை எடுத்து, புதியதைச் சொருகி, 'கிளிக்' கேட்கும்வரை அழுத்தி, விளக்கு பச்சையாகும்வரை பார்த்து. நாற்பது எண்ணும் நேரம்கூட இல்லை. நிமிர்ந்தேன்.

குழந்தை அவர் கையில்.

என் மகன் பிறந்தபோது தொட மாட்டேன் என்றவர். "பட்டுத் துணி மாதிரி நழுவிடும், பயமா இருக்கு" என்று ஒரு வயசு வரை தூக்காதவர். சின்னவளையும் அப்படித்தான். நான்தான் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று தூக்கி வளர்த்தேன். அந்த மனுஷன், எழுபத்தாறு வயதில், ஒரு கை தலைக்கு, ஒரு கை முதுகுக்கு என்று பத்துப் பிள்ளை பெற்றவன் மாதிரி ஏந்திக்கொண்டு நிற்கிறார். கன்னம் முழுக்க ஈரம். குழந்தை கண்ணைத் திறந்து முதன்முதலாகப் பார்த்த முகம் அவர் முகம்.

அப்புறம் என்னிடம் கொடுத்தார். நான் வாங்கினேன். அது என் மூக்குக் குழாயைப் பிடித்து இழுத்தது. இழுக்கட்டும், எட்டும்.

யோசித்துப் பார்த்தேன். டைக்காரரை மன்னித்துவிட்டேன். மகனை, மருமகளை, டீச்சரம்மாவை, குக்கர் ரப்பரை, சம்பந்தியம்மாவை, ரயிலில் சிகரெட் எடுத்தவனைக்கூட மன்னித்துவிட்டேன். இத்தனை பேரை ஒரே நாளில் மன்னித்து எனக்குப் பழக்கமில்லை, லேசாகத் தலை சுற்றுகிறது.

ஒருத்தரை மட்டும் மாட்டேன். இப்போது எதிரே நாற்காலியில், குழந்தை படுத்த முழங்கையை இன்னும் மடக்கியபடியே, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். என் வீட்டுக்காரர்.